பதினோராம் நம்பர் வீட்டு ஓட்டுகள்

பி.ஏ.வில் பொலிட்டிகல் சயின்ஸ் எடுக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சண்டை வரும் என்று ஒரு வாரமாகப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன், அத்தனையும் வீணாய்ப் போயிற்று. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், இதைப் படித்து எந்த ஆபீஸில் உட்காரப் போகிறாய் என்று கேட்டார். கூடவே ஒரு கம்ப்யூட்டர் கிளாஸுக்கும் போய்விடு என்றாள் அம்மா. தொண்ணூறுகளின் பின்பாதி அது. புனேயில், எங்கள் கோர்படி ரயில்வே காலனியில் என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் காமர்ஸ், கம்ப்யூட்டர் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வீம்பு. வேண்டாம் என்று யாராவது சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷமாகப் படித்திருப்பேன்.

முதல் வருஷம் ஒரு மண்ணும் புரியவில்லை. அரசு என்றால் என்ன, அரசாங்கம் என்றால் என்ன, இறையாண்மை யாரிடம் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக நோட்ஸ் எடுத்தோம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, எழுதி, மறந்தோம். எனக்கு அதில் கொஞ்சமாவது வெளிச்சம் வந்தது பக்கத்து பெஞ்சுக்காரியால்தான். சோலாப்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள், பரீட்சையை மராத்தியில் எழுதுவாள். அவளுடைய சித்தி அந்தக் கிராமத்துப் பஞ்சாயத்துத் தலைவி. பெண்களுக்கு ஒதுக்கிய இடம். ஆனால் ஆபீஸ் நாற்காலியில் உட்காருவது சித்தப்பா, பேசுவது சித்தப்பா, முத்திரை வைத்திருப்பது சித்தப்பா. சித்திக்குக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சட்டப்படி அதிகாரம் யாரிடம், நடைமுறையில் யாரிடம் என்று புத்தகம் பத்துப் பக்கத்தில் சொன்னதை அவள் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சித்தியை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் வீட்டிலும் அதே கூத்துதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் வருஷம் தேர்தல்கள் பற்றி ஒரு பேப்பர். அதற்கு ஒரு புராஜெக்ட் உண்டு. மேடம் கண்டிப்பானவர். லைப்ரரிக்குப் போய் எதையும் பார்த்து எழுதக் கூடாது, அவரவர் தெருவில் இருபது வீடுகளுக்குப் போய், யாருக்கு ஓட்டு எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது போட்டார்கள், போடாவிட்டால் ஏன் என்று கேட்டு அட்டவணை போட வேண்டும் என்றார். உங்கள் வீடும் அந்த இருபதில் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

வீடு வீடாகப் போனேன். எங்கள் வரிசை குவார்ட்டர்ஸில் தமிழ், தெலுங்கு, மலையாளம், மராத்தி எல்லாம் கலந்திருக்கும். போன வீட்டிலெல்லாம் டீ கொடுத்தார்கள். மராத்தி வீடுகளில் சட்டென்று பதில் வந்தது. நம் ஆட்கள் வீட்டில் மட்டும் ஒரே பாட்டு: ஓட்டு ஊரில் இருக்கிறது. ஊரில் கட்டிப் போட்டிருக்கும் பசு மாதிரிதான் அதைச் சொன்னார்கள். யார் தண்ணி காட்டுகிறார்கள், கறக்கிறார்களா என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் இருக்கிறது. இங்கே மாற்றிக்கொள்ளலாமே என்றால், நாம் என்ன இங்கேயே இருக்கப் போகிறோமா என்பார்கள். இதைச் சொன்ன ஒரு மாமா புனேக்கு வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. அவர் பேரன் மராத்தியில்தான் அழுவான்.

அட்டவணையில் பதினோராவது வீடு எங்களுடையது. அப்பா ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருபது வயதில் வேலை கிடைத்து இங்கே வந்தவர். அடுத்த வருஷம் ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைத்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டார். அவருக்கு வாழ்க்கையில் ஒரு பெருமை உண்டென்றால் அது தேர்தல் டியூட்டிதான். மற்றவர்கள் டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து அதிலிருந்து தப்பிப்பார்கள். அப்பா ஆர்டர் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். வாக்குச்சாவடிக்குத் தலைமை அதிகாரி அவர். முதல் நாளே பெட்டி, சீட்டு, அரக்கு, மை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஏதாவது பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்பார். அம்மா புளியோதரையும் போர்வையும் கட்டிக் கொடுப்பாள்.

ஒரு தடவை இன்னொருவன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓட்டுப் போட வந்தவனை அப்பா பிடித்துவிட்டார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. அப்பா பேர் என்ன, வீட்டில் எத்தனை பேர், பக்கத்து வீட்டில் யார் என்று அன்பாக நாலு கேள்வி கேட்டாராம், அவன் வியர்த்து விறுவிறுத்து ஓடிவிட்டானாம். இந்தக் கதையை அவர் சொல்லாத விருந்தாளி கிடையாது. என் பூத்தில் ஒரு கள்ள ஓட்டு விழுந்தது கிடையாது என்றுதான் கதை முடியும்.

சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன். உங்களுக்கு ஓட்டு எங்கே? ஊரில். கடைசியாக எப்போது போட்டீர்கள்? ரசம் ஊற்று என்றார் அம்மாவிடம். மறுபடி கேட்டேன். அவர் ஊரை விட்டுக் கிளம்பும்போது இருபது வயது, அப்போது ஓட்டுப் போட இருபத்தொன்று ஆக வேண்டும். அதற்கப்புறம் லீவில் ஊருக்குப் போனபோது ஒரு தேர்தல்கூட வந்ததில்லை. ஆக மொத்தம், ஊருக்கெல்லாம் தேர்தல் நடத்திக் கொடுத்த மனுஷன் ஜென்மத்தில் ஒரு ஓட்டும் போட்டதில்லை. அம்மாவும்தான். கல்யாணமாகி வந்த பிறகு அவள் பெயரையும் பெரியப்பா ஊர்ப் பட்டியலில் சேர்த்துவிட்டிருந்தார். அது அவளுக்கே அன்றுவரை தெரியாது.

எனக்கு நாக்கில் சனி. அட்டவணையில் எழுதியதைச் சாப்பாட்டுக்கு நடுவில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பதினோராம் வீடு: தேர்தல் நடத்துவார்; ஓட்டுப் போட்டதில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சுவார்கள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் பஸ்பமாகியிருக்க வேண்டும்.

மறுநாள் நான் விடவில்லை. போன வருஷம் காலேஜில் நான் பதிந்துகொண்டது போல நீங்களும் இங்கேயே பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், ஆறாம் நம்பர் படிவம் ஒன்று இருக்கிறது, நானே வாங்கி வருகிறேன், ஊரில் எடுத்துவிடச் சொல்லலாம் என்றேன். ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பட்டியல்ல பேரு இருக்க வரைக்கும்தான் என்னய அந்த ஊர்க்காரம்பான். நெலம் இல்ல, வீடு இல்ல, அது ஒண்ணுதான் இருக்கு. அதையும் வெட்டிட்டா நாம யாருளா?"

அப்போது எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. முப்பது வருஷமாகக் குடிக்கிற தண்ணி இந்த ஊர்த் தண்ணி, குழாயில் அது வராவிட்டால் யாரைப் போய்க் கேட்பது, திருநெல்வேலி எம்.பி.யையா என்று கத்தினேன். குடியுரிமை, வசிப்பிடம், பிரதிநிதித்துவம் என்று பாடத்தில் இருந்த வார்த்தைகள் எல்லாவற்றையும் எடுத்து வீசினேன். அவர் நாடாவை முடிந்துகொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு நின்றது. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம்தான் கேட்டார்.

கோபத்தில் செய்கிற காரியம் எதுவும் உருப்பட்டதில்லை. நான் ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி, ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்கு எழுதினேன். ஒருவருக்கு இரண்டு இடத்தில் ஓட்டு இருக்கக் கூடாது, சட்டம் இன்னது சொல்கிறது, ஆகவே அப்பா அம்மா பெயர்களை அங்கே நீக்க ஏற்பாடு செய்யவும் என்று கலெக்டர் எழுதுவது போல எழுதினேன். நலம் விசாரிக்கக்கூட இல்லை. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. தபால் பெட்டியில் போட்டுவிட்டு நாலடி நடந்தவள், திரும்பி வந்து அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். ஆனால் பெட்டிக்குள் போனதை எடுக்க முடியாதே.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. எனக்கல்ல, அப்பா பெயருக்கு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அம்மாவிடம் நீட்டினார். நான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

பெரியப்பா கோபமாக எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. அத்தனை பிரியமாக எழுதியிருந்தார். மகள் ஏதோ எழுதியிருக்கிறாள், சின்னப் பிள்ளை, நீ ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் ஓட்டு ஒரு தேர்தலில்கூட வீணாய்ப் போனதில்லை. என் மூத்தவன் உன் பேரில் போய்ப் போட்டுவிடுவான். உன் வீட்டுக்காரி ஓட்டை நம் மருமகள் போட்டுவிடுவாள். பூத்தில் உட்கார்ந்திருப்பதெல்லாம் நம் ஆட்கள்தான், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதனால் பேரை எதற்கு எடுக்க வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும். இப்படி எழுதி, வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று முடித்திருந்தார்.

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை பூத்தில் அவர் ராத்திரியும் பகலுமாகக் காவல் காத்திருப்பார்! அங்கே அவர் பெயரைச் சொல்லி, அவர் தகப்பன் பெயரைச் சொல்லி, சொந்த அண்ணன் மகனே கள்ள ஓட்டுக் குத்தியிருக்கிறான். அப்பா கேட்டாரே, அந்த நாலு கேள்வியைக் கேட்டிருந்தாலும் எங்கள் அண்ணன் அசராமல் பதில் சொல்லியிருப்பான். எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, சத்தியமாக. அப்பாவைப் பார்த்ததும் அது அடங்கிப்போய், ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது. அந்த ஊர்க்காரன் என்பதற்கு அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதுவும் இத்தனை வருஷமாக அவரிடம் இல்லை.

முதலில் பேசியது அம்மாதான். அவளும் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். எந்தக் கட்சிக்குப் போட்டார்களாம் என்று கேட்டாள். கடிதத்தில் அது இல்லை. அப்புறம் சிரிப்பு நின்றது.

"என் சங்கிலிய ஒருத்தி வாங்கிப் போட்டுட்டுப் போனாக்கூட விசேஷம் முடிஞ்சதும் திருப்பித் தருவா. எனக்கு ஓட்டுன்னு ஒண்ணு இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. அதையும் எவளோ போட்டுக்கிட்டு இருந்திருக்கா" என்றாள்.

அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. எது சமைக்க என்பதைக்கூட அப்பாவைக் கேட்டுத்தான் செய்வாள். அன்றைக்கு அவள் கடிதத்தை மடித்து அவர் பக்கம் தள்ளினாள். என்னைப் பார்த்து, திங்கட்கிழமை அந்தப் பாரத்தை வாங்கி வா, எனக்கு ஒன்று என்றாள். அப்பாவுக்கு வேண்டுமா என்று அவரைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அவள் அவரைக் கேட்காமல் எடுத்த முதல் முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

அப்பா இரண்டு நாளும் பேப்பரைக்கூடப் பிரிக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் நான் படிவத்தை அம்மாவிடம் கொடுத்தபோது, திண்டில் சாய்ந்திருந்தவர் எனக்கு ஒன்று வாங்கினியா என்று கேட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. இரண்டு வாங்கியிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் பேனா எடுக்கப் போனேன்.

நானே பூர்த்தி செய்கிறேன் என்றதற்கு அவர் ஒப்பவில்லை. தேர்தல் அதிகாரியாயிற்றே. சட்டையைப் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து, முதலில் அம்மாவுடையது, பிறகு அவருடையது என்று முத்து முத்தாக எழுதினார். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வந்து நின்றார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இந்த ஊரில் எந்தப் படிவத்திலும் நம்மைத் தடுக்கி விழச் செய்கிற கட்டம் அது. ஆபீஸ் காகிதத்தில் எல்லாம் தாத்தா பெயரைத்தான் அங்கே போட்டிருந்தார். அன்றைக்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சொந்த ஊர்ப் பெயரை எழுதினார். அம்மா படிவத்திலும் அதையே. ஆபீஸ் காகிதத்தோடு ஒத்துப்போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளையாக மூடிக்கொண்டேன். மூன்று வருஷப் படிப்பில் நான் கற்றுக்கொண்டதில் அதுவும் ஒன்று. வார்டு ஆபீஸ் கிளார்க் ஏதோ முணுமுணுத்தார், அப்பா அவரிடம் மராத்தியில் அரைமணி நேரம் பேசி சரிசெய்துவிட்டு வந்தார்.

பெரியப்பாவுக்கும் ஒரு கடிதம் போட்டார். என்ன எழுதினார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. உறவு அறுந்துவிடவில்லை. ஆனால் அடுத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பெரியப்பா எல்லோரிடமும் அப்பாவை, 'இவன் இப்ப புனேக்காரன்' என்று சொல்லி அறிமுகப்படுத்தினார். அப்பா சிரித்தபடி நின்றிருந்தார். அவருக்கு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

புராஜெக்டில் என்ன எழுதுவது என்பது எனக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை கையில் இருக்கிறது, முதல் மார்க் நிச்சயம். ஆனால் அப்படி எழுதினால் ஒரு குற்றத்துக்கு என் பெரியப்பா மகனையே காட்டிக்கொடுத்தது போலாகும், அப்பாவை மறுபடி சாப்பாட்டிலிருந்து எழுப்பியது போலவும் ஆகும். பழைய வரியை அடித்துவிட்டு, பதினோராம் வீடு: புனேயில் பதிய விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று மட்டும் எழுதினேன். ஏன் அடித்திருக்கிறாய் என்று மேடம் கேட்டார். வீட்டு விஷயம் என்றேன். அவர், தேர்தலில் பாதி வீட்டு விஷயம்தான் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். மார்க் சுமாராகத்தான் வந்தது. சோலாப்பூர்க்காரிக்கு மட்டும் முழுக் கதையையும் சொன்னேன். இந்தத் தடவை அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. இந்த வாரம் சித்திக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றாள்.

அந்தக் காலத்தில் தில்லியில் அரசாங்கங்கள் நிற்கவே இல்லை. தேர்தல் மேல் தேர்தல். எங்களுக்கும் சீக்கிரமே ஒன்று வந்தது. புதுப் பட்டியலை முனிசிபல் பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒட்டியிருந்தார்கள். அம்மாவும் நானும் பார்க்கப் போனோம். எல்லாம் மராத்தியில். அம்மா மராத்தி பேசினால் சந்தையே திரும்பிப் பார்க்கும், ஆனால் படிக்க வராது. நான் வரிசையாக விரலை ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினேன். இதுவா நான் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளும் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பின்னால் ஆள் நிற்கிறது, நகரும்மா என்று நான்தான் இழுத்து வர வேண்டியிருந்தது.

தேர்தலுக்கு முதல் நாளே அப்பா வழக்கம்போல் டியூட்டிக்குப் போய்விட்டார். டியூட்டியில் இருக்கிற பூத்திலேயே ஓட்டுப் போடச் சர்டிபிகேட் ஒன்று உண்டு, அதற்கும் எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தார். அம்மா காலை ஏழு மணிக்கு முன்னாலேயே குளித்து, நல்ல புடவை கட்டி, வாசலில் நின்றாள். எங்கள் பூத்தில் நாலாவது ஆள் அவள். மறைப்புக்குள்ளே போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அதிகாரி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற எனக்குத்தான் பொறுக்கவில்லை. வெளியே வந்தவள் முகத்தில் ஒரு அவசரமும் இல்லை, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் நான் ஜாடைமாடையாகக் கேட்டேன். கொத்தமல்லி வாங்க வேண்டும் என்றாள்.

அப்பா மறுநாள் காலையில் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தாலும் பேச்சு உற்சாகமாக இருந்தது. மத்தியானம் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துத் தன் சீட்டை வாங்கியிருக்கிறார். கூட வேலை பார்த்த இளவட்டம் ஒருத்தன், சார், இது உங்களுக்கு எத்தனாவது ஓட்டு என்று கேட்டானாம். முதல் ஓட்டு என்றாராம். தலை நரைத்த தலைமை அதிகாரி தமாஷ் பண்ணுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்களாம். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டாராம். இதைச் சொல்லிக்கொண்டே டீயை ஆற்றியவர், சாதாரணமாக அம்மாவிடம் கேட்டார்.

"நீ எதுல குத்துன?"

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமல் சொன்னாள். "அதச் சொல்லக் கூடாதாம்லா. ரகசியமாம். உங்க மகதான் படிச்சிருக்கா, கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். ஆமாம் அப்பா, சட்டம் அப்படித்தான் என்றேன். முப்பது வருஷமாக ஊரார் ரகசியத்துக்கு மறைப்புக் கட்டிக் கொடுத்தவருக்கு வேறு என்ன சொல்ல முடியும்? டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார், டீ சட்டையில் கொட்டியது. அவரிடம் அம்மா சொல்லாமல் வைத்துக்கொண்ட ஒரே விஷயம் அது.

அப்புறம் பெட்டி போய் மெஷின் வந்தது. அப்பா ரிடையர் ஆனதும் புனே ஓரத்தில் வாகடில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போனார்கள், ஓட்டையும் கூடவே மாற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு பேரும் சேர்ந்து போய் வரிசையில் நிற்பார்கள். திரும்பி வரும்போது லிப்டில் அப்பா கேட்பார். அம்மா இன்றுவரை சொல்லவில்லை.